கரிச்சான் காத்த வேம்பு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



உத்ஸவ மலருக்கு ஏதேனும் எழுதித் தரவேண்டுமென்று மலர்க்குழுவினர் பணித்தபோது, ஸ்ரீநரஸிம்ஹாவதாரத்தைப் பற்றி எழுதுவதாக அடியேன் ஒப்புக்கொண்டேன். பரிக்கல், பூவரசங்குப்பம், சிங்கிரிகுடி என்று சிங்கப்பிரானுடைய ஸந்நிதிகள் அடுத்தடுத்து விளங்கும் நாட்டில் வாழ்கிறோம். திண்டிவனத்திலேயே லக்ஷ்மீநரஸிம்ஹன் எழுந்தருளியிருக்கிறான். வேறு பொருள் தேடி எங்கே போவது? ஆயினும் எழுதுகோலை எடுத்தபோதெல்லாம், எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்து வேப்பமரத்தில் சென்ற ஆண்டு கூடுகட்டிய ஒரு பறவையே முன்வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டு அவதாரத்தைப் பேச முயன்றேன், கூடவில்லை. ஆகையால் பறவையிலிருந்தே தொடங்குகிறேன். பெரியோர்கள் பொறுத்தருளவேண்டும்.

திந்திரிணி என்பது புளியமரத்துக்கு வடமொழிப் பெயர். புளியங்காடாக இருந்த திந்திரிணீவனமே திண்டிவனம் ஆயிற்று என்பர். காடு போய்ப் பல தலைமுறைகள் ஆயின. இன்று இவ்வூரில் பறவைகளுக்கு மிஞ்சியிருப்பவை சாலையோரத்துப் புளியமரங்கள் சிலவும், பழைய வீடுகளின் கிணற்றடியில் நிற்கும் வேம்பும் முருங்கையுமே. எங்கள் வீட்டு வேம்பும் அத்தகையது. அடியேனுடைய தகப்பனார் காலத்திலேயே அது பெரிய மரம்.

அம்மரத்துக்கு வந்த பறவை கரிச்சான். இரட்டைவால் குருவி என்றும் கரிக்குருவி என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். உடல் முழுதும் மைக்கருமை. நீண்ட வால் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். மேயும் மாட்டின் முதுகிலோ மின்கம்பியிலோ அமர்ந்திருந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்து, முன்பு இருந்த இடத்துக்கே திரும்பி வந்து அமரும். மணிலாக் கொல்லையிலும் நெற்கழனியிலும் புழுவையும் வெட்டுக்கிளியையும் தின்று உழவனுக்கு உதவுவதால், இது வந்து உட்காருவதற்கென்றே வயலில் குச்சிகளை நட்டுவைக்கும்படி வேளாண் துறையினர் சொல்வதுண்டு. எடை பார்த்தால் காகத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம்.

மற்றப் பறவைகள் உறங்கிக்கொண்டிருக்கும் கருக்கலிலேயே இது குரல் கொடுக்கத் தொடங்கிவிடும். திருப்பாவையின் ஏழாம் பாசுரத்தில் ஆண்டாள் அருளிச்செய்த ஆனைச்சாத்தனை வலியன் என்றும் பரத்வாஜ பக்ஷி என்றும் உரைகளில் கூறுவர். அது இந்தக் கரிச்சானே என்பது பறவைகளைப் பயின்றோர் பலருடைய துணிபு. மார்கழிதோறும் தவறாமல் அதன் பெயரைச் சேவிக்கிற நாம், சித்திரையில் அது நம் தலையில் வந்து கொத்தும்போது மட்டும் அடையாளம் தெரியாமல் கல்லைத் தேடுகிறோம்.

அடியேனும் அப்படித்தான் தேடினேன். நரஸிம்ஹ ஜயந்திக்குப் பத்து நாள் இருக்கும். ஒன்பது வயதான எம் பேரன், பெருமாளுக்கு நந்தியாவட்டை பறிக்கக் காலையில் கிணற்றடிக்குப் போனவன், தலையைப் பிடித்துக்கொண்டு அலறியபடி ஓடிவந்தான். என்னவென்று பார்க்கப் போன அடியேனுக்கும் அதே மரியாதை கிடைத்தது. முன்னால் வந்திருந்தால் கையையாவது ஓங்கியிருக்கலாம். அது பின்புறமாக, ஓசையின்றிச் சரிந்து வந்து, பின்மண்டையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டு மரத்துக்கு ஏறிவிட்டது. அண்ணாந்து பார்த்தால் உயரத்தில் ஒரு கவட்டில் சிறு கிண்ணம்போல் கூடு. அதன் விளிம்பில் இன்னொன்று அமர்ந்து கரகரவென்று வைதுகொண்டிருந்தது.

மரம் கழிக்கிற ஆளுக்கு அன்றைக்கே சொல்லியனுப்பினேன். செய்தி தெரிந்ததும் எம் இல்லத்தாள் உள்ளிருந்து வந்தாள். "ஜயந்தி சேவிக்கப் போகிற வாரத்தில் கூடிருக்கிற கிளையையா வெட்டுவார்கள்? இருபது நாள் பொறுத்தால் குஞ்சு பறந்துவிடும். அதுவரை குழந்தை குடை பிடித்துக்கொண்டு பூப்பறிக்கட்டும்" என்றாள். காட்டுப்பறவையின் முட்டையையோ கூட்டையோ குலைப்பதை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாகவே கொள்கிறது என்று பிற்பாடு ஒரு நண்பர் சொல்லக் கேட்டேன். சட்டம் வந்து சேருவதற்கு முன்பே வீட்டில் தீர்ப்பு ஆகிவிட்டது. மறுநாள் முதல், புறப்பாட்டில் பெருமாளுக்குக் குடை பிடிப்பதைப் போலப் பூக்குடலைக்கு மேலே குடையைத் தாழப் பிடித்துக்கொண்டு எம் பேரன் கிணற்றடிக்கு எழுந்தருளலானான். குடையின்மேல் சடசடவென்று விழும் ஓசை தாழ்வாரம் வரை கேட்கும்.

அந்தத் தாழ்வாரத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலையும் மாலையும் பார்க்கத் தொடங்கினேன். முதலில் சினத்தோடு பார்த்தேன். போகப்போக வேறு வேலை ஓடவில்லை. கரிச்சான் மூன்று அல்லது நான்கு முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்க, இரண்டு வாரத்தில் குஞ்சு பொரியும். அதற்குப்பின் இன்னும் ஏறக்குறைய மூன்று வாரம் கூட்டில் வைத்து ஊட்டவேண்டும். கூட்டை விட்டு வந்த பின்பும் சில வாரங்கள் தாய் தந்தையர் வாயில்தான் இரை. இத்தனை நாளும் அந்தச் சிறிய உயிர்கள் இரண்டும் இளைப்பாறியதாக எனக்குத் தோன்றவில்லை. காகம் வந்தால் ஒன்று மேலிருந்தும் மற்றொன்று பின்னிருந்தும் பாயும். வட்டமிடும் பருந்தின்மேல் ஏறிக்கொண்டு முதுகில் கொத்தித் தெரு தாண்டும்வரை விரட்டும். வல்லூறையும் விட்டதில்லை. மதிலோரம் பதுங்கி வந்த பூனை வாலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் புகுந்ததை அடியேன் கண்ணால் கண்டேன்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, இதுவரை கவனியாத ஒன்று கண்ணில் பட்டது. அதே மரத்தில், இரண்டு கிளை தாழ, ஒரு மணிப்புறா கூடு வைத்திருந்தது. புறாவின் கூட்டைக் கூடு என்று சொல்வது உபசாரம். நாலைந்து சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அதன்மேல் முட்டையிட்டு உட்கார்ந்துவிடும். கீழே நின்று பார்த்தால் சுள்ளிகளின் இடுக்கில் முட்டை தெரியும். காகத்தை எதிர்க்கும் வலிமை அதற்கு இல்லை. ஒருவர் கிட்டே வந்தால் படபடவென்று எழுந்து ஓடத்தான் தெரியும். அந்தப் புறா கவலையின்றி அங்கே உட்கார்ந்திருந்தது! காகம் அம்மரத்தை அணுகவே முடியாதபோது புறாவின் முட்டைக்கு யார் வருவார்? கரிச்சானும் புறாவை ஒன்றும் செய்வதில்லை. புறாவும் மாங்குயிலும் கொண்டைக்குருவியும் கரிச்சான் குடியிருக்கும் மரத்தை நாடிக் கூடுகட்டுவதைப் பறவை நூலோர் பலகாலமாகக் கண்டெழுதியிருக்கிறார்கள். வடநாட்டில் கரிச்சானுக்குக் கொத்தவால் என்றே ஒரு பெயர் வழங்குகிறதாம். ஊர்க்காவல் அதிகாரியின் பெயர் அல்லவா அது!

இதைக் கண்ட அன்று எனக்கு விபீஷணாழ்வானோடு வந்த நால்வர் நினைவுக்கு வந்தார்கள். கடற்கரையில் ஆகாயத்தில் நின்று சரணம் என்று கூவியவன் விபீஷணன் ஒருவன். ஸுக்ரீவன் முதலானோர் ஐயுற்றதும், பெருமாள் அபயம் அளித்ததும் அவனைப் பற்றியே. உடன் வந்த நான்கு அரக்கர்கள் தனியே ஒரு வார்த்தை விண்ணப்பம் செய்ததாக நமக்குத் தெரியாது. அவனைச் சார்ந்து நின்றார்கள். அவனோடு அவர்களும் உள்ளே கொள்ளப்பட்டார்கள். இதைப் பெரியோர்கள் எடுத்துக்காட்டி, பாகவதனைப் பற்றி நின்றார்க்குத் தனி முயற்சி வேண்டா என்று உபதேசிப்பார்கள். அடியேன் பலமுறை மேடையில் இதைச் சொல்லியிருக்கிறேன். வேம்பின் கீழ்க்கிளையில் கண்ணை மூடி அமர்ந்திருந்த புறாவைப் பார்த்தபோதுதான், சொன்ன வார்த்தை எத்தனை பெரியது என்று பட்டது.

இனி அவதாரத்துக்கு வருவோம். தூணைப் பிளந்துகொண்டு தோன்றிய சிங்கப்பிரான் இரணியனை முடித்த பின்பும் சீற்றம் தணியாமல் வீற்றிருந்ததை ஸ்ரீமத் பாகவதம் ஏழாம் ஸ்கந்தத்தில் விரிவாகக் கூறுகிறது. தேவர்கள் தூரத்தில் நின்றே துதித்தார்கள். பெரிய பிராட்டியாரைப் போகும்படி வேண்டினார்கள். இதற்குமுன் கண்டும் கேட்டுமிராத அவ்வடிவைக் கண்டு அவளும் தயங்கினாள் என்கிறது புராணம். பிறகு நான்முகன், அருகில் நின்ற ப்ரஹ்லாதனை அனுப்பினான். சிறுவன் மெல்லச் சென்று திருவடியில் விழுந்தான். எம்பெருமான் அவனை எடுத்து நிறுத்தி, அவன் தலைமேல் திருக்கையை வைத்தான். சற்றுமுன் இரணியனின் மார்பைக் கீண்ட கை அது. நகம் மாறிவிடவில்லை. குழந்தையின் தலையில் ஒரு கீறல் பட்டதில்லை.

அவ்வளவு சீற்றத்தின் நடுவே அருள் எங்கனம் கூடும் என்ற வினா முன்னோர் காலத்திலேயே எழுந்திருக்கிறது. யானையோடு பொருதுகொண்டிருக்கும்போதே சிங்கம் தன் குட்டிக்குப் பால் கொடுப்பதில்லையா என்று அதற்கு விடையும் சொல்லிப்போந்தார்கள். யானையோடு பொரும் சிங்கத்தை நம்மில் யார் கண்டோம்? கரிச்சானைக் காணலாம். பருந்தை விரட்டிவிட்டுத் திரும்பிய அதே மூச்சில், அலகிலிருந்த வெட்டுக்கிளியின் காலைக் கிள்ளி எறிந்துவிட்டு, மெத்தென்ற பாகத்தைக் குஞ்சின் வாயில் வைக்கும். கோபத்துக்கு ஓர் அலகு, கருணைக்கு ஓர் அலகு என்று அதற்கு இரண்டு கிடையாது.

இதுவரை எழுதியதை எந்த உபந்யாஸகரும் சொல்லிவிடக்கூடும். இனி எழுதப்போவது அடியேனுக்குச் சற்றே வெட்கம் தருவது. மலரில் அச்சேறும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

எம் பேரனுடைய தகப்பன், எங்கள் ஒரே குமாரன், அதற்கு முந்திய ஆண்டு பரமபதித்தான். மருமகள் விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் பணி செய்கிறாள். விடிந்தும் விடியாமலும் எழுந்து சமைத்துவைத்துவிட்டு ரயிலேறினால், விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவாள். வருஷாப்திகம் நடந்த தினம், வந்திருந்த உறவினர்களோடு கூடிப் பேசி, பிள்ளையை வெளியூரில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். நல்ல எண்ணத்தோடுதான் செய்தோம். அவளைக் கேட்கவேண்டும் என்று அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை, அடியேன் உட்பட. அவள் அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வந்தாள். அத்தனை பெரியவர்கள் நடுவில், "என்னைக் கேட்காமல் என் குழந்தையை எங்கே அனுப்ப நிச்சயம் பண்ணினீர்கள்?" என்று உரக்கக் கேட்டாள். என் கையிலிருந்த விண்ணப்பத்தாளை வாங்கி, நாலாகக் கிழித்தாள்.

அன்று முதல் அவளோடு நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். சொல்லவேண்டியதை இல்லத்தாள் வழியாகச் சொல்லுவேன். நல்ல குடும்பத்துப் பெண் என்று நம்பினோம், வாய் இப்படி இருக்கிறதே என்று வந்தவர் போனவரிடமும் குறைப்பட்டுக்கொண்டேன். இரண்டு மாதம் கழிந்தது. அப்போதுதான் கரிச்சான் வந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து அப்பறவையை வியந்துகொண்டிருந்த அடியேனுக்கு, ஒரு நாள் மாலை, களைத்த முகத்தோடு மருமகள் பின்கட்டில் கால் கழுவ வந்தபோது, அடுக்களையிலிருந்து அவள் அன்று வந்த வேகம் நினைவுக்கு வந்தது. எழுந்து உள்ளே போய்விட்டேன். அன்றும் பேசவில்லை. வயதானவர்களுக்கு வாயை மூடுவது எளிது, திறப்பது கடினம்.

அந்நாட்களில் மஹாபாரதம் ஆதிபர்வத்தில் ஜரிதையின் உபாக்யானத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். காண்டவ வனம் தீப்பற்றி எரிகிறது. சார்ங்கக் குருவியான ஜரிதைக்குச் சிறகு முளைக்காத நான்கு குஞ்சுகள். அவற்றின் தகப்பன் மந்தபாலன் ஒரு ரிஷி. பிள்ளைப்பேற்றின் பொருட்டுப் பறவையாய்ப் பிறந்தவன். குஞ்சுகளை அவளிடம் விட்டுவிட்டு லபிதை என்னும் வேறொருத்தியோடு போய்விட்டான். நால்வரையும் தூக்கிக்கொண்டு பறக்க ஜரிதையால் ஆகாது; விட்டுப் போகவும் மனம் வராது. எலிவளைக்குள் நுழைந்துகொள்ளுங்கள் என்கிறாள். எலிக்கு இரையாவதைவிட அக்னிக்கு இரையாவது மேல் என்று குஞ்சுகள் மறுக்கின்றன. நீ பிழைத்தால் மீண்டும் மக்களைப் பெறலாம், நீ போ என்று குஞ்சுகளே தாய்க்கு எடுத்துச் சொல்லுகின்றன. அவள் போகிறாள். குஞ்சுகள் அக்னிதேவனைத் துதித்துப் பிழைக்கின்றன. மந்தபாலன் முன்னமே அக்னியிடம் வேண்டிக்கொண்டிருந்தான் என்பதும் கதையில் உண்டு.

தீ அணைந்ததும் முதலில் ஓடிவந்தவள் ஜரிதையே. ஒவ்வொரு குஞ்சாகத் தழுவி அழுகிறாள். பிற்பாடு மந்தபாலன் வந்து சேர்கிறான்; நலம் விசாரிக்கிறான். ஒருவரும் அவனுக்கு மறுமொழி சொல்லவில்லை. கடைசியில் ஜரிதை வாய் திறந்தபோது, உனக்கு இவர்களால் என்ன, அந்த லபிதையிடமே போ என்ற கருத்துப்படக் கடிந்து பேசுகிறாள். ரிஷியை, அதுவும் கணவனை, இப்படிப் பேசலாமா என்று பலமுறை இந்த இடத்தைப் படித்தபோது எண்ணியதுண்டு. இம்முறை எண்ணவில்லை. நெருப்பின் நடுவில் நின்றவள் அவள்.

ஜயந்தி கழிந்த நாலாம் நாள் இரவு கோடைமழை பிடித்துக்கொண்டது. காற்று ஓலையையும் ஓட்டையும் தூக்கி எறிந்தது. விடிந்து பார்த்தால் கவட்டில் பாதிக் கூடுதான் இருந்தது. ஒரு குஞ்சு கிணற்றடியில் இறந்து கிடந்தது. இன்னொன்று நந்தியாவட்டைச் செடியின் அடியில் நனைந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் மேலே பத்திரமாக இருந்தன. ரயிலுக்குப் புறப்பட்ட மருமகள் கைப்பையைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு இறங்கினாள். கூடு எட்டாத உயரம். "அந்தப் பூக்குடலையைக் கொடு" என்று மகனிடம் கேட்டாள். பெருமாளுக்குப் பூப்பறிக்கும் குடலை ஆயிற்றே என்று எம் இல்லத்தாள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு அவளே அதில் காய்ந்த தென்னம்பஞ்சைப் பரப்பிக் கொடுத்தாள். பேரன் குடையை விரித்துப் பிடிக்க, அவள் துவைக்கிற கல்லின்மேல் ஏறி, குஞ்சைக் குடலையில் வைத்து, எட்டிய கிளையில் கயிற்றால் கட்டினாள்.

இரண்டு பறவைகளும் விட்டபாடில்லை. குடை ஒரு பக்கம் கிழிந்தது. அவள் புறங்கையில் நீளமாக ஒரு கீறல், இரத்தம் கசிந்தது. இறங்கி வந்தவளிடம், "வலிக்கிறதா?" என்று கேட்டேன். இரண்டு மாதத்தில் அவளோடு பேசிய முதல் வார்த்தை அது.

"அதுக்கு நான் யாருன்னு தெரியாதே, அப்பா" என்றாள்.

அவளுடைய ரயில் போய்விட்டிருந்தது. பேருந்து நிலையம் வரையில் அடியேனும் உடன் நடந்தேன். விடுதிப் பள்ளிப் பேச்சு இனி நம் வீட்டில் இல்லை என்று வழியில் சொன்னேன். அவள் அதற்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுத் தூரம் போனபின், குஞ்சு எத்தனை நாளில் பறக்கும் என்று கேட்டாள்.

மனிதக் கை பட்டால் தாய் குஞ்சை ஏற்காது என்று பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு. எம் இல்லத்தாளும் அதைச் சொல்லிக் கவலைப்பட்டாள். அது ஆதாரமற்றது. மதியத்துக்குள் தாயும் தந்தையும் குடலைக்கும் கூட்டுக்குமாக மாறி மாறி இரை கொண்டுவரத் தொடங்கிவிட்டன. இறந்த குஞ்சு கிடந்த இடத்தை அவை திரும்பிப் பார்க்கக் காணோம். வாய் திறந்திருந்தவை மூன்று, மூன்றுக்கும் ஊட்டின. கீழ்க்கிளையில் மணிப்புறா, புயலுக்கு முன் இருந்தது போலவே அமர்ந்திருந்தது. அந்தச் சுள்ளிக் கூடு காற்றில் எப்படித் தப்பியது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்த வரலாற்றை, பாகவதத்தில் வல்லவரான ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்து, "குஞ்சுப் பாசத்தைப் புகழ்கிறீர், அவதூதர் யது மன்னனுக்குச் சொன்ன மாடப்புறாவை மறந்துவிட்டீரா?" என்றார். ஏகாதச ஸ்கந்தத்தில் வரும் அந்தப் புறாத் தம்பதிகள், வலையில் விழுந்த குஞ்சுகளைக் கண்டு, தாமும் வலையில் விழுந்து மாண்டன. பாசத்தில் மதியிழந்தவன் அடையும் கதியாக அவதூதர் அதைக் காட்டுகிறார். நண்பர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதே பாகவதத்தில், ஆறாம் ஸ்கந்தத்தில், போர்க்களத்தில் சாகப்போகும் வ்ருத்ராஸுரன் எம்பெருமானை எப்படிக் காண விழைகிறான்? சிறகு முளைக்காத குஞ்சு தாயை எதிர்பார்ப்பது போல விழைகிறான். ஒரே புராணம் கூட்டை இரண்டு விதமாகக் காட்டியிருக்கிறது. குஞ்சின் நிலையில் நின்று பார்த்தால் குற்றம் ஏதுமில்லை. தாயின் நிலையில் நிற்கும்போதுதான் எச்சரிக்கை வேண்டும். இறந்த குஞ்சை விட்டு இருக்கும் குஞ்சுக்கு இரை தேடிய கரிச்சானுக்கு அந்த எச்சரிக்கை இயல்பாகவே இருந்தது. கணவனை இழந்து, ரயிலேறிப் பிழைத்து, பிள்ளையையும் கைவிடாத ஒரு பெண்ணுக்கும் இருந்தது. குமாரனை எண்ணி எண்ணி எதிரில் இருந்தவர்களை மறந்த மாடப்புறா அடியேன்தான்.

தன் குஞ்சுக்காகப் பொருவதற்கும் மேலே ஒரு படி உண்டு. அதையும் ஒரு பறவையே நமக்குக் காட்டிற்று. பெரிய உடையார் என்று நம் ஸம்ப்ரதாயம் போற்றும் ஜடாயு, பிறர் பெற்ற பெண்ணுக்காக, கிழப்பருவத்தில், ராவணனுடைய வில்லை முறித்துத் தேரையும் சிதைத்துச் சிறகும் காலும் இழந்து விழுந்தார். தகப்பனுக்குச் செய்யவேண்டிய ஸம்ஸ்காரத்தைப் பெருமாள் அவருக்குச் செய்தருளினார். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில், அது நிகழ்ந்த இடம் இதுவே என்ற ஐதிஹ்யத்தோடு விஜயராகவப் பெருமாள் இன்றும் ஸேவை ஸாதிக்கிறான். ஜடாயுவுக்குத் தன் குஞ்சு எது, பிறர் குஞ்சு எது என்ற கணக்கே இருந்ததாகத் தெரியவில்லை.

தை மாதத்தில் நாங்கள் நால்வரும் மதுராந்தகம் சென்று ஏரிகாத்த ராமனை ஸேவித்தோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பெருமழையில் ஏரிக்கரை உடையும் என்று அஞ்சிய இரவில், கையில் வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நின்றதைக் கலெக்டர் லயனல் பிளேஸ் துரை கண்டார் என்பது அவ்வூர் வரலாறு. ஜனகவல்லித் தாயார் ஸந்நிதி அவர் செய்த தர்மம் என்று அங்கே கல்வெட்டும் இருக்கிறது. அங்கிருந்து வேடந்தாங்கலுக்குப் போனோம். பறவைகளைச் சுட வந்த வெள்ளைச் சிப்பாய்களைப் பற்றி அவ்வூரார் முறையிட, 1798-ல் ஏரிப் பறவைகளைக் காக்கும்படி உரிமைப் பத்திரம் கொடுத்தவரும் இதே பிளேஸ் துரைதான். ஏரியைக் காத்த பெருமாளைக் கண்டவர் என்று சொல்லப்படுபவரே ஏரிப் பறவைகளையும் காத்தார் என்பதை அடியேன் அன்றுதான் சேர்த்து எண்ணினேன். பறவையின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை ஊரார் அறிந்திருந்தார்கள். ஆயினும் துப்பாக்கிக்கு எதிராகப் போய் நிற்க அது மட்டும் போதுமா?

திரும்பும் வழியில் மருமகள் ஒரு செய்தி சொன்னாள். சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியில், 2020-ஆம் ஆண்டு, தெருவிளக்கு மின்பெட்டிக்குள் ஒரு சிறு குருவி முட்டையிட்டதாம். அது குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கு மேலாக, ஊர் முழுவதும் விளக்கில்லாமல் இருந்ததாம். "முப்பது நாளுக்கு மேல் இருட்டிலா?" என்று பேரன் வியந்தான். "நீ இருபது நாள் குடை பிடிக்கலையா?" என்றாள் அவள். நம் மாவட்டத்திலேயே, மரக்காணத்தை அடுத்த கழுவெளியை 2021-ல் அரசினர் பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். அடுத்த தையில் அங்கே போவதாகப் பேரனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். சரணாலயம் என்ற சொல்லை அரசாங்கத்தார் எங்கிருந்து எடுத்தார்களோ, நல்ல இடத்திலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

இவ்வாண்டும் பங்குனி முடிவதற்குள் கரிச்சான் வந்துவிட்டது. அதே வேம்பு, சென்ற ஆண்டுக் கவட்டுக்குச் சற்று மேலே நாரும் வேரும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. கிழிந்த குடையை மருமகள் கறுப்புத் துணி வைத்துத் தைத்து ஆணியில் மாட்டியிருக்கிறாள். புதுப் பூக்குடலை வாங்கியாயிற்று. பழையது இன்னும் அந்தக் கிளையிலேயே தொங்குகிறது. மணிப்புறா இதுவரை வரவில்லை. பேரன் பள்ளிக்குப் புறப்படுமுன் தினமும் ஒருமுறை கிணற்றடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறான்.